அம்மா விசில் அடிக்காத மழைக்காலம்

நம் வயதுக்காரர்களுக்கு இது புரியும். ஐம்பதைத் தாண்டிய பிறகு எந்த டாக்டரிடம் போனாலும், ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையிலிருந்து கழற்றிக்கொண்டே ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "மனசுக்குப் பிடிச்ச ஹாபி ஏதாவது வச்சிருக்கீங்களா?" செடி வளருங்கள், பாட்டு கேளுங்கள், படபடப்பு குறையும் என்கிறார்கள். உங்களில் பாதிப் பேர் மொட்டைமாடியில் கத்திரிக்காய் வளர்ப்பது இதனால்தான் என்று எனக்குத் தெரியும். என்னைக் கேட்டபோது, தினமும் டைரி எழுதுவேன் என்றேன். "எழுதினா பயம் போகுதா?" என்றார். யோசித்துப் பார்த்தேன். போவதில்லை. ஒழுங்காக அடுக்கி வைக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அம்மாவின் விசில்தான் ஞாபகத்தில் ஓடியது. அது நின்றுபோன ஒரு மழைக்காலத்தை எழுதுகிறேன். அப்போது என்னிடம் டைரி கிடையாது. அதனால் நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். சந்தேகமாக இருப்பதைச் சந்தேகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

உத்திரமேரூரிலிருந்து பஸ் பிடித்து, இறங்கி, வண்டிப்பாதையில் நடந்து போகவேண்டிய ஊர் எங்களுடையது. எங்கள் வீடு ஊருக்குக் கடைசி. பின்பக்கம் மாட்டுக்கொட்டகை, அதைத் தாண்டி வயல், வயலைத் தாண்டி ஏரிக்கரை. வீட்டில் அப்பா, அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம், அம்மா, கணவரை இழந்து எங்களோடு வந்துவிட்ட அத்தை, நைனாவின் தம்பியான சித்தப்பா, நான், தூளியில் கிடந்த என் தம்பி. நான் அப்போது இரண்டாம் வகுப்பா மூன்றாம் வகுப்பா என்பதில் சந்தேகம். மாதம் ஐப்பசி முடிந்து கார்த்திகை தொடங்கும் சமயம் என்பதில் சந்தேகமில்லை. நட்ட வயல்களில் பயிர் வேர் பிடித்திருந்தது.

அம்மா விசில் அடிப்பாள். விரலை வாய்க்குள் விட்டு அடிக்கும் விசில் அல்ல. உதட்டைக் குவித்து, மெல்லியதாக, சினிமாப் பாட்டின் மெட்டு மட்டும் வரும். அரிசி களையும்போது, கீரை ஆயும்போது, விளக்குக் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைக்கும்போது. மெட்டு எங்கே இழுக்குமோ அங்கே கையும் மெதுவாகும், மெட்டு ஓடினால் கையும் ஓடும். அவள் பிறந்த ஊர் காவாந்தண்டலம். அங்கே சின்ன வயதில் கம்பங்கொல்லையில் குருவி விரட்டப் பரண்மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். அங்கே கற்றுக்கொண்டது.

எனக்கு அந்தச் சத்தம் கேட்டால் போதும், பயம் இருக்காது. அம்மா சந்தோஷமாக இருக்கிறாள், அப்படியென்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்பது பின்னால் வரும்.

அத்தைக்கு அந்த விசில் ஆகாது.

"இன்னாமே இது, பொம்பளையா லட்சணமா இல்லாம? அதுவும் வெளக்கு வைக்கிற நேரத்துல. பூச்சி வரும்னு எத்தினி வாட்டி சொல்றது?"

விளக்கு வைத்த பிறகு எங்கள் வீட்டில் பாம்பு என்ற சொல்லை யாரும் சொல்லமாட்டார்கள். பூச்சிதான். பேரைச் சொன்னால் வரும், விசில் அடித்தாலும் வரும் என்பது ஊரில் எல்லோரும் நம்பியது. நானும் நம்பினேன். அம்மாவும் நம்பினாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அத்தை திட்டினால் நிறுத்துவாள். கொஞ்ச நேரத்தில் தன்னையறியாமல் மறுபடியும் ஆரம்பித்துவிடுவாள்.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் மெட்ராஸ் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர். கம்பெனியை மூடிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பி வந்தவர் பேச்சை விட்டுவிட்டார். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். சாயங்காலமானால் கிணற்றடியில் போய் நின்று உள்ளே பார்த்துக்கொண்டே இருப்பார். குளிக்கவும் மாட்டார், இறைக்கவும் மாட்டார். நைனா அதைச் சோம்பேறித்தனம் என்றார். அத்தை காற்று சேஷ்டை என்று வேப்பிலை அடித்தாள். அம்மா ஒருமுறை காவாந்தண்டலம் போய் வந்தவள், தன் அப்பா வைத்திருந்த பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்து சித்தப்பாவிடம் கொடுத்தாள்.

பழுப்புத் தோல் உறை போட்ட ரேடியோ. உறையில் ஒலி வரும் இடத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள். தோளில் மாட்டிக்கொள்ளப் பட்டை. முகர்ந்தால் மூக்குப்பொடி வாசனை அடிக்கும். அது வந்த பிறகு சித்தப்பா கிணற்றடிக்குப் போவதை விட்டார். பாட்டு, நாடகம், விவசாயச் செய்தி, எது வந்தாலும் கேட்பார். கிரிக்கெட் கமெண்ட்ரி இந்தியில் வந்தால்கூட விடமாட்டார்.

"புரியுதா சித்தப்பா?"

"ஒண்ணும் புரியல. ஆனா எத்தினி பேர் கூட இருக்காங்க பாரு" என்று, கூட்டம் இரையும் சத்தத்தை என் காதில் வைத்துக் காட்டுவார்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

இடைவிடாமல் பெய்து ஏரி நிரம்பி, அன்று மத்தியானம் கலங்கல் போக ஆரம்பித்தது. அதிகப்படித் தண்ணீர் கல்கட்டு மேல் வழிந்து விழும் இடத்தைக் கலங்கல் என்போம். அந்த இரைச்சல் எங்கள் வீட்டுக்கு நன்றாகக் கேட்கும். பகலில் சாதாரணமாக இருக்கும். வெளிச்சம் குறையக் குறைய யாரோ வீட்டை நோக்கி நடந்து வருகிறமாதிரி கிட்ட வரும். கரை நனைந்து பொந்துகளில் தண்ணீர் ஏறியதால் பாம்புகள் மேட்டைத் தேடி வர ஆரம்பித்திருந்தன. விறகடுக்கில் ஒன்றை அடித்தார்கள். மாட்டுத் தொட்டியில் ஒன்று மிதந்தது. நைனா உரம் வாங்க உத்திரமேரூர் போயிருந்தார். பொழுது சாயும் நேரமாகியும் வரவில்லை.

அம்மா அடுப்படியில் விசில் அடித்துக்கொண்டிருந்தாள். வழக்கத்தைவிடச் சத்தமாக.

"நிறுத்துடி" என்றாள் அத்தை.

சித்தப்பா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். "வயல்ல தண்ணி ஏறிக்கினு கீது. வரப்ப வெட்டி வுட்டுட்டு வந்துடறேன்" என்று இறங்கிப் போனார். டார்ச் லைட் ஆணியிலேயே மாட்டியிருந்தது.

திரும்பி வரும்போது மண்வெட்டி இல்லை. ஒற்றைக் காலில் நொண்டி வந்து வாசற்படியைப் பிடித்தார். "அண்ணி, பூச்சி தொட்டுடுச்சி" என்றார். அந்த நேரத்திலும் பூச்சி என்றே சொன்னார். கணுக்காலுக்குக் கீழே இரண்டு புள்ளிகள். பக்கத்து வீட்டு டிராக்டரில் ஏற்றினார்கள். வழியில் எதிரே வந்த நைனா உர மூட்டையை இறக்கிவிட்டு அப்படியே ஏறிக்கொள்ள, காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டிராக்டர் சத்தம் தேய்ந்ததும் அத்தை வாசலில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். அம்மா உள்ளே போனாள். நான் பின்னால் போனேன். அவள் எனக்கு முதுகைக் காட்டி அலமாரி ஓரம் நின்று ஏதோ செய்துகொண்டிருந்தாள். தகர மூடி திருகுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. "போ, தம்பிகிட்ட இரு" என்றாள். போய்விட்டேன்.

மறுநாள் நைனா சொல்லி அனுப்பிய தகவல் வந்தது. உயிர் இருக்கிறது, ஊசி போட்டிருக்கிறார்கள், கால் தொடைவரை வீங்கியிருக்கிறது, எதுவும் சொல்ல முடியாது. அத்தை எழுந்து ஆணியிலிருந்த டார்ச்சை எடுத்தாள். பொத்தானைத் தள்ளினாள். சுவரில் பளிச்சென்று வட்டம் விழுந்தது.

"லைட்டு நல்லாத்தான கீது? கையில வெளக்கு இருக்க வெறுங்கையோட இருட்டுல போவானா எந்தம்பி? இவ விசில் அவன் புத்திய மயக்கிட்டுது. அத வரவச்சதும் இவதான்."

அம்மா தலை குனிந்தபடி வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். அன்று அவள் பேசாதது எனக்குப் பயத்தைத் தந்தது. அம்மாவே ஒத்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

அன்றைக்கே அத்தை அவளை ஏரிக்கரைப் புற்றுக்கு அழைத்துப்போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மஞ்சளும் குங்குமமும் மழையில் கரைந்து புற்றின்மேல் கோடு கோடாக இறங்கியிருந்தன. வெற்றிலையில் சூடத்தை வைத்துக் கொளுத்தி அத்தை நீட்டினாள்.

"சொல்லு. இனிமே என் வாயால விசில் அடிக்கமாட்டேன். அடிச்சா கொழுந்தன் உசுரு எனக்கில்ல."

அம்மா சொன்னாள். எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். சூடம் அணைத்துச் செய்த சத்தியத்தை எங்கள் ஊரில் யாரும் மீறி நான் பார்த்ததில்லை. கலங்கல் இரைச்சலில் அவள் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. புற்றுக்குக் கேட்டிருக்குமா என்று கவலைப்பட்டேன். கேட்டிருந்தால் இன்னும் கவலை.

அதன்பிறகு வீடு மாறிவிட்டது.

அம்மாவின் கை நடுங்க ஆரம்பித்தது. தம்ளர் விழும், உப்புப் போட்ட குழம்பில் மறுபடியும் உப்பு விழும். தண்ணீர் வெளியே போகும் ஜலதாரை ஓட்டையில் பழந்துணியைத் திணித்தாள். சிறிது நேரம் கழித்து அதை உருவிப் பார்த்துவிட்டு மறுபடியும் திணித்தாள். பாயை உதறினாள், மடித்தாள், மடித்ததை உதறினாள். பானைக்குப் பின்னால் கோலால் தட்டிவிட்டுத்தான் தண்ணீர் மொண்டாள். என்னை வாசல் தாண்ட விடவில்லை. அத்தைக்கு இதெல்லாம் திருப்தியாக இருந்தது. "இப்பதான் வூடு வூடா கீது. ஒயுங்கா அடக்கமா கீறா" என்று பக்கத்து வீட்டில் சொன்னாள்.

எனக்கோ வீட்டுக்குள் இருக்கவே பயம். விசில் இருந்த இடத்தையெல்லாம் கலங்கல் சத்தம் பிடித்துக்கொண்டது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அம்மா அப்போதெல்லாம் தன்னையறியாமல்தான் விசில் அடிப்பாள். அதேபோல் மறந்துபோய் ஒருமுறை அடித்துவிட்டால்? சித்தப்பா செத்துவிடுவார். அவள் வாயையே பார்த்துக்கொண்டு திரிந்தேன். அவள் உதடு அசையும்போதெல்லாம் "அம்மா!" என்று கூப்பிடுவேன். "இன்னா பாப்பா?" என்பாள். "ஒண்ணுமில்ல" என்பேன்.

இப்படியிருக்க ஒரு நாள் அத்தை சோற்றுத் தூக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். பகல்தான், ஆனால் வானம் இருட்டி வீட்டுக்குள் முகம் தெரியாத வெளிச்சம். தம்பி தூளியில் தூங்கினான். தூளியின் நிழலுக்குக் கீழே, தரையில், இன்னொரு நிழல் அசைந்தது. அம்மா என் தோளைப் பிடித்தாள்.

மண் நிறம். தடிப்பு. அது என்ன ஜாதி என்பது எனக்குத் தெரியாது, இப்போது ஊகித்து எழுத விரும்பவில்லை. தூளியின் அடித்துணிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் தலையைத் தூக்கியது.

மூலையிலிருந்த கோல் அம்மாவின் கையில் இருந்தது. ஆனால் அவளால் நகர முடியவில்லை. கோல் நுனி தரையில் டக டக என்று அடித்துக்கொண்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். உதடுகள் ஒன்றுசேர்ந்து குவிந்தன. உடனே பல்லால் கடித்துக்கொண்டாள். மறுபடியும் குவிந்தன, மறுபடியும் கடித்தாள். கீழுதட்டில் ரத்தம் வந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அம்மா சந்தோஷத்தில் விசில் அடித்தவள் அல்ல. பயந்தபோதெல்லாம் அடித்தவள். நான் நிம்மதியாக இருந்த நேரமெல்லாம் அவள் பயந்துகொண்டிருந்த நேரம்.

அவள் அடித்தால் சித்தப்பா போய்விடுவார். அடிக்காவிட்டால் தம்பி. என்ன யோசித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. யோசிக்கவில்லை என்பதுதான் உண்மையாக இருக்கும். உதட்டைக் குவித்து நான் ஊதினேன்.

எனக்கு விசில் வராது. காற்றுதான் வந்தது. அடுப்பு ஊதுகிற மாதிரி. ஆனால் அம்மாவின் மெட்டு எனக்கு மனப்பாடம். அந்த மெட்டில் காற்றை இழுத்தும் விட்டும் ஊதினேன். என் தோளிலிருந்த அவள் விரல்கள் தளர்ந்தன. கோல் நடுக்கம் நின்றது. மெட்டு இழுக்கும் இடத்தில் ஒரு அடி வைத்தாள். பாம்பை விட்டுக் கண்ணை எடுக்காமல் இன்னொரு அடி. நான் ஊதிக்கொண்டே இருந்தேன், எச்சில் வறண்டு நாக்கு ஒட்டியது. தூளியைச் சுற்றி வந்து ஒரு கையை உள்ளே விட்டு, விரிப்புத் துணியோடு தம்பியை வாரி மார்பில் அணைத்தாள். பின்பக்கமாகவே நடந்து வந்து என்னை இடித்துக்கொண்டு வெளியே தள்ளினாள். கதவை இழுத்துச் சாத்தினாள்.

அத்தை திரும்பி வந்தபோது நாங்கள் மாட்டுக்கொட்டகையில் நனைந்துபோய் நின்றிருந்தோம். நான் இன்னும் ஊதிக்கொண்டிருந்தேன். நிறுத்தினால் ஏதோ ஆகிவிடும் என்று பயம்.

"இன்னாடி கூத்து இது? பொண்ணுக்கும் கத்துக் குடுத்துட்டியா?"

"அவ வாய்க்கு நான் சத்தியம் பண்ணல" என்றாள் அம்மா. அவள் அத்தையை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

பக்கத்து வீட்டு ஆட்கள் வந்து வீட்டைத் தேடினார்கள். எதுவும் கிடைக்கவில்லை. போய்விட்டதென்றார்கள். போனதை யாரும் பார்க்கவில்லை. அந்த மழைக்காலம் முடியும்வரை நான் காலை மடக்கிக்கொண்டே தூங்கினேன்.

மழை விட்ட பிறகு சித்தப்பா வந்தார். பாதி உடம்பாக, கால் கறுத்து, கோலூன்றி வந்தார். அத்தை திருஷ்டி கழித்துவிட்டு, சத்தியம் செய்யவைத்த கதையைப் பெருமையாகச் சொன்னாள். "அதனாலதான்டா நீ பொழச்ச." சித்தப்பா ரேடியோவை எடுத்து முடுக்கினார். பாடவில்லை. உறையைக் கழற்றிப் பின்மூடியைத் திறந்தார். உள்ளே பேட்டரி இல்லை. ஆணியிலிருந்த டார்ச்சை எடுத்துப் பொத்தானைத் தள்ளினார். எரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தை மாட்டைப் பார்க்கப் போனதும் அடுப்படிக்கு நகர்ந்து வந்தார். நான் அங்கே தேங்காய் சில்லு தின்றுகொண்டிருந்தேன்.

"அண்ணி, அன்னிக்கு லைட்டுல பேட்டரி இல்ல. நாந்தான் கமெண்ட்ரி கேக்க கழட்டி ரேடியோல போட்டேன்."

"தெரியும். நீ வண்டி ஏறினதுமே பாத்தேன். திருப்பி மாத்திட்டேன்."

"சொல்லியிருக்கலாமே அண்ணி. ஏன் உங்க தலமேல போட்டுக்கினீங்க?"

அம்மா கரண்டியை வைத்தாள். "சொன்னா உங்கக்கா ரேடியோவ தூக்கி கெணத்துல போட்டிருக்கும். அப்பால நீ கெணத்தாண்ட போய் நிப்ப. நான் அடுப்படியில இருந்து எட்டி எட்டிப் பாத்துக்கினு இருக்கணும். அந்த பேஜாரு என்னால ஆகாது தம்பி."

"நான் போய் அக்காகிட்ட சொல்றேன்."

"சூடம் அணைச்சது அணைச்சதுதான். ஒக்காரு. சூடா தின்னு."

அவர் உட்கார்ந்தார். அழுதார் என்று நினைக்கிறேன். அடுப்புப் புகையாகவும் இருக்கலாம்.

அதற்குப் பிறகு அவர் தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் ரேடியோவை அடுப்படி வாசலில் கொண்டுவந்து வைப்பார். எனக்கு விசில் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். "உதட்ட நனைச்சிக்கோ. நாக்க கீழ்ப்பல்லுல வை. மொள்ளமா" என்று பொங்கலுக்குள் பழக்கிவிட்டார். அம்மா சத்தியத்தை மீறவேயில்லை. நைனா வர நேரமானாலும், தம்பிக்குக் காய்ச்சல் கண்டாலும், கலங்கல் போனாலும், என்னைக் கூப்பிட்டு "எங்க, கொஞ்சம் ஊது" என்பாள். நான் ஊதுவேன். அவள் கை வேலை செய்யும். அத்தை காதைப் பொத்திக்கொண்டு வெளியே போவாள்.

ரேடியோ எங்கே போனதென்று தெரியவில்லை. டார்ச் துருப்பிடித்துப் போனது. சித்தப்பா போன வருஷம், நிறைந்த வயதில், தூக்கத்தில் போனார்.

டாக்டர் என்னை ஹாபி கேட்டதற்கு மறுவாரம், இதயத்தில் குழாய் விட்டுப் படம் பிடிக்கவேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரியின் பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பெயர், வயது, ஒவ்வாமை எல்லாம் சரியாக எழுதிக்கொடுத்திருந்தேன். ஆனாலும் விரல்கள் நிற்கவில்லை. வரவேண்டாம் என்று சொல்லியும் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தாதி உள்ளே கூப்பிட்டாள். எழுந்திருக்கமுடியவில்லை. ஊதிப் பார்க்கலாம் என்று உதட்டைக் குவித்தேன். வறண்டிருந்தது. காற்றுகூட வரவில்லை.

அம்மா என் கையைப் பார்த்தாள்.

"யாருக்காக சூடம் அணைச்சனோ அவரே போய்ட்டாரு" என்றாள், என்னிடமா தன்னிடமா என்று தெரியாதபடி. ஒரு தடவை கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், அங்கே அத்தை நிற்கிறமாதிரி. பிறகு உதட்டைக் குவித்தாள்.

பல் இல்லை. விசில் வரவில்லை. அடுப்பு ஊதுகிற மாதிரி காற்றுதான் வந்தது. ஆனால் மெட்டு சரியாக இருந்தது. அது இழுக்கும் இடத்தில் ஒரு காலைத் தரையில் வைத்தேன்.